வளரும் ஆற்றங்கரை நகரில் எந்தப் பக்கம் குடியேறுவது?

வேலையோ பிள்ளைகளின் படிப்போ காரணமாக ஓர் ஆற்றங்கரை ஊருக்குக் குடிபோவது என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊர் வேகமாக வளர்கிறது. வாரத்துக்கு ஒரு புதிய மனைப்பிரிவின் பலகை முளைக்கிறது. ஊருக்குள் எங்கே என்பது மட்டும்தான் பாக்கி. இத்தகைய ஊர் உலகின் எந்த மூலையில் இருந்தாலும், கிடைக்கும் தேர்வுகள் அநேகமாக நான்குக்குள் அடங்கிவிடும்: கரையோரத்துப் பழைய தெருக்கள், வெள்ளத்தடுப்புக் கரைக்குப் பின்னால் வயல்களை மனையாக்கிய புதிய விரிவாக்கம், ஊரைவிட்டு விலகிய மேட்டு நிலம், பாலம் தாண்டிய அக்கரை.

பெரும்பாலோர் இந்த நான்கையும் ஒரே கேள்வியால் அளக்கிறார்கள்: ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம்? இரண்டு கிலோமீட்டர் என்றால் நிம்மதி, இருநூறு மீட்டர் என்றால் பயம். சமவெளியில் ஓடும் ஆற்றைப் பொறுத்தவரை இது பல நேரங்களில் தலைகீழான கணக்கு. ஆறு கரைபுரளும்போது நீரின் வேகம் முதலில் குறைவது கரையோரத்தில்தான். சுமந்துவரும் மணலையும் கனத்த வண்டலையும் அங்கேயே போட்டுவிட்டு, நுண்ணிய சேற்றை மட்டும் உள்ளே தூரம்வரை கொண்டுபோகிறது. நூற்றாண்டுக் கணக்கில் இப்படி நடந்ததில் ஆற்றை ஒட்டிய நிலம் மேடாகவும் அதற்குப் பின்னால் இருப்பது பள்ளமாகவும் அமைந்துவிடுகிறது. முதலில் வந்தவர்கள் மேட்டில் வீடு கட்டிக்கொண்டு, பள்ளத்தைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் விட்டார்கள். ஊர் பெருத்தபோது விற்பதற்கு மிச்சமிருந்தது அந்தப் பள்ளம்தான்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் இதற்கு நல்ல சாட்சி. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலின்போது அந்த நகரத்தின் ஏறத்தாழ 80 சதவீதம் மூழ்கியது. மிசிசிப்பி ஆற்றை ஒட்டியே இருக்கும் மிகப் பழைய பகுதியான பிரெஞ்சுக் குடியிருப்பு பெரும்பாலும் நனையாமல் தப்பித்தது. அந்த நகரத்துக்கு வெள்ளம் ஆற்றிலிருந்து வரவில்லை, ஏரியோடு இணைந்த கால்வாய்களின் தடுப்புகள் உடைந்து வந்தது என்பது உண்மை. வந்த வழி எதுவானாலும் தண்ணீர் போய்த் தங்கியது இருபதாம் நூற்றாண்டில் சதுப்பை வடித்துக் கட்டிய தாழ்ந்த பகுதிகளில். ஆகவே தூரத்தை ஓரமாக வைத்துவிட்டு உயரத்தைக் கேட்க வேண்டும். அதுவும் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்ற உயரம் அல்ல. சுற்றியிருக்கும் தெருக்களைவிட மேலா கீழா என்பதுதான் பயன்படும் தகவல்.

இதை வைத்துக்கொண்டு பழைய தெருக்களுக்கு வருவோம். பழையது என்பதாலேயே பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. மலைப்பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றுக்கு மேற்சொன்ன கரைமேடு பெரும்பாலும் இருக்காது. தன்யூப், இன், இல்ஸ் என்ற மூன்று ஆறுகள் கூடும் ஜெர்மனியின் பஸ்ஸாவ் நகரில் பழைய ஊரே மறுபடி மறுபடி மூழ்குகிறது. 2013 ஜூனில் தண்ணீர் 12.89 மீட்டரைத் தொட்டது. 1501-க்குப் பிறகு அந்த அளவு வந்ததில்லை. ஆனால் இதைச் சொல்ல முடிகிறதே, அதில்தான் பழைய தெருவின் மதிப்பு இருக்கிறது. பஸ்ஸாவ் நகர மன்றச் சுவரில் ஒவ்வொரு பெருவெள்ளத்தின் மட்டமும் ஆண்டோடு குறிக்கப்பட்டிருக்கிறது. பழைய பகுதியில் வீடு பார்க்கிறவர் எந்த வரைபடமும் இல்லாமல், பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டே தன் வீட்டில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று தெரிந்துகொள்ளலாம். புதிய மனைப்பிரிவில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளே இருக்கமாட்டார்கள்.

அன்றாட வாழ்க்கையிலும் பழைய பகுதிக்குக் கணக்கில் எழுத வேண்டியவை நிறைய. கடை, பள்ளி, மருத்துவர் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கும். மாலையில் காற்று வாங்க இறங்கினால் ஆறு எதிரிலேயே. மறுபக்கம் எழுத வேண்டியவையும் உண்டு. சுவர்களில் அடியிலிருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்பு அடித்த ஓராண்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துவிடும். கழிவுநீர்க் குழாய்கள் பழையவை; ஆற்று மட்டம் ஏறினால் அவை எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். வீட்டுக்குள் வெள்ளம் தெருவழியாக வராமல் குளியலறைத் துவாரம் வழியாக வருவது பழைய ஊர்களில் சகஜம். குழாயில் ஒருவழி அடைப்பான் இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே கேட்டுவிட வேண்டும். கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஊர் வளர வளரக் கரையோரம் உலாவும் இடமாகி, சிற்றுண்டிக் கடைகளும் விடுதிகளும் வந்து, விடுமுறை நாள் மாலைகளில் சொந்த வீட்டு வாசலைத் திறப்பதே பெரும்பாடாகிவிடும். வாடகையும் அதற்கேற்ப ஏறும். ஐந்தாண்டு கழித்து அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பது நியாயமான சந்தேகம்.

வளைவு எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவின் கரை அரிக்கப்படும், உள்வளைவில் மணல் சேரும். வெளிவளைவில் இருக்கும் வீட்டின் ஆற்றுக் காட்சி ஆண்டுக்காண்டு நெருங்கிவருவதை ரசிக்க எனக்கு மனம் இல்லை.

அதிக நேரம் செலவழித்து யோசிக்க வேண்டியது இரண்டாவது தேர்வை. ஏனென்றால் வளரும் ஊரில் பெரும்பான்மையோர் போய்ச்சேர்வது அங்கேதான். அகலமான சாலை, புதிய குழாய், நேரான தெரு, கைக்கு எட்டும் விலை. பின்னால் நெடுக ஒரு வெள்ளத்தடுப்புக் கரை. அதைக் காட்டி விற்பவர் "இனிமேல் இங்கே தண்ணீர் வராது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சிறு வெள்ளங்கள் நின்றுபோகும். அதனால்தான் சிக்கல். அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் ஒயிட் 1945-லேயே இதை விளக்கிவிட்டார்: தடுப்புக் கரை கட்டியதும் மக்களுக்குத் தைரியம் வருகிறது, அதன் பின்னால் வீடுகள் பெருகுகின்றன, பிறகு கரையைத் தாண்டும் ஒரு பெருவெள்ளம் வரும்போது சேதம் முன்பைவிடப் பல மடங்காகிறது. அணைகளுக்கும் இது பொருந்தும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1974-ல் ஆறு 5.45 மீட்டர் உயர்ந்தது. 1980களில் மேலே விவென்ஹோ அணை பயன்பாட்டுக்கு வந்தது. இனி அப்படி நேராது என்ற நம்பிக்கையில் தாழ்ந்த பகுதிகளில் கட்டடங்கள் எழுந்தன. 2011 ஜனவரியில் தண்ணீர் 4.46 மீட்டருக்கு வந்தது. அணை இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும் என்பது வீட்டை இழந்தவருக்கு ஆறுதலாகாது.

"நூறாண்டு வெள்ளத்தைத் தாங்கும் கரை" என்ற சொற்றொடரைக் கேட்டவுடன் நம் காலத்தில் வராது என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பது மட்டுமே. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் எடுத்தவருக்கு, கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு 26 சதவீதம். ஏறத்தாழ நால்வரில் ஒருவர். கரை ஐம்பதாண்டு வெள்ளத்துக்கு என்று கட்டப்பட்டிருந்தால் அது 45 சதவீதமாகிவிடும். இந்தக் கணக்குகூட, ஆறும் ஊரும் மாறாமல் இருந்தால்தான் செல்லும். வளரும் ஊரில் இரண்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இயற்கையான நிலத்தில் பெய்யும் மழையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் மேலாக வழிந்தோடும். தார், கான்கிரீட், கூரை என்று முக்கால்வாசிக்கு மேல் மூடிய நிலத்தில் பாதிக்கும் மேல் வழிந்தோடுகிறது. கரையைத் திட்டமிட்டபோது வயலாக இருந்த இடத்திலிருந்து இன்று எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று யாராவது திரும்பக் கணக்கிட்டார்களா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

இதைவிட அடிக்கடி நிகழ்வதும் குறைவாகப் பேசப்படுவதும் இன்னொன்று. ஆற்றில் தண்ணீர் உயர்ந்தால், ஊரின் வடிகால்கள் ஆற்றில் சேரும் இடத்தில் மதகுகளை மூடிவிடுவார்கள். இல்லாவிட்டால் ஆறு வடிகால் வழியாக உள்ளே வந்துவிடும். மூடிய நேரத்தில் ஊருக்குள் மழை பெய்தால் அந்த நீர் எங்கே போகும்? தாழ்ந்த விரிவாக்கத்தில்தான் தேங்கும். கரை உடையவில்லை, ஆறு எல்லை தாண்டவில்லை, ஆனாலும் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பம்புகள் ஓடினால் தப்பலாம். அன்றைக்குப் பார்த்து மின்சாரம் இருக்க வேண்டும்.

பிறகு மண் நிரப்பும் போட்டி. முதல் மனைப்பிரிவுக்காரர் சாலையைவிட ஓரடி உயர்த்தி நிரப்பி விற்கிறார். அடுத்து வருபவர் அதைவிட ஓரடி கூட்டுகிறார். சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு அதுவும் உயர்கிறது. பத்து ஆண்டில், முதலில் வந்து மேட்டில் கட்டியதாக நம்பியவரின் வீடு அந்த வட்டாரத்தின் குளமாகிவிடுகிறது. அவர் வீடு ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை, சுற்றியிருப்பது ஏறிவிட்டது. வளர்ந்து முடிந்த ஊரில் மனையின் உயரம் நிலையானது. வளரும் ஊரில் அது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் விரிவாக்கத்தில் வாங்குவது என்றால், சுற்றிலும் ஏற்கெனவே நிரம்பிவிட்ட இடத்தில் வாங்குவது, நாலாபுறமும் காலி வயல் இருக்கும் இடத்தில் வாங்குவதைவிட மேல். விலை கூடத்தான் இருக்கும். கொடுக்கலாம்.

விரிவாக்கமே கூடாது என்ற கட்சி இல்லை நான். ஆற்றுக்கு இடம் விட்டுவிட்டு வளர்ந்த ஊரும் உண்டு. நெதர்லாந்தில் 1995-ல் ஆறுகள் கரை முட்டியபோது சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற நேர்ந்தது. அதன்பின் கரைகளை மேலும் உயர்த்துவதை மட்டும் நம்பாமல் ஆறுகளுக்கு இடம் கொடுக்கும் திட்டம் வந்தது. நெய்மேகன் நகரில் வால் ஆறு குறுகி வளையும் இடத்தில் கரையை 350 மீட்டர் உள்ளே நகர்த்தி, புதிய கிளைக் கால்வாய் ஒன்றை வெட்டினார்கள். அதற்காகச் சுமார் ஐம்பது வீடுகளை அகற்ற நேர்ந்தது. இப்போது நடுவே தீவும் பூங்காவும் நீச்சலுமாக இருக்கிறது. வியன்னாவில் 1972-லிருந்து 1988 வரை வெட்டிய 21 கிலோமீட்டர் புதிய தன்யூப் கால்வாயும் இப்படித்தான். வெள்ளத்துக்காக வெட்டியது, மற்ற நாளெல்லாம் ஊரே போய்க் குளிக்கிறது. புதிய மனைப்பிரிவின் வரைபடத்தில் ஆற்றுக்கும் முதல் வீட்டுக்கும் நடுவில் கட்டடம் வரவே வராத அகலமான நிலம் இருந்தால் அந்த ஊரைக் கொஞ்சம் நம்பலாம். கரையின் அடிவாரம்வரை மனை எண் போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

மேட்டு நிலம் பற்றி எழுத அதிகம் இல்லை, ஏனென்றால் அதன் வாதம் நேரானது: ஆறு அங்கே ஏறாது. மிசிசிப்பியின் 1993 வெள்ளத்தில் மூழ்கிய வால்மேயர் என்ற சிறிய ஊர், இருந்த இடத்திலேயே மறுபடி கட்டாமல் அருகிலிருந்த குன்றின் மேல் ஊரையே மாற்றிக் கட்டியது. ஆஸ்திரேலியாவின் கிராந்தம் 2011 வெள்ளத்துக்குப் பிறகு அதே வேலையைச் செய்தது; பள்ளத்து மனைக்குப் பதிலாக மேட்டு மனை என்று உள்ளாட்சி மாற்றிக் கொடுத்தது. உயிருக்குப் பயந்து எடுத்த முடிவுக்கு மறுப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் வால்மேயரில் எல்லோரும் மேலே போகவில்லை. சிலர் வேறு ஊர் பார்த்தார்கள். இதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். மேட்டுக் குடியிருப்பில் பஸ் கடைசியாகத்தான் வரும், குடிநீர் அழுத்தம் குறைந்தால் முதலில் நிற்பது அங்கேதான், எதற்கும் வண்டி எடுக்க வேண்டும். நடக்க முடியாத முதியவர் இருக்கும் வீட்டில் இதெல்லாம் சிறிய விஷயமல்ல.

மேட்டைப் பார்க்கிறவர்கள் இரண்டு சங்கதிகளைத் தவறவிடுகிறார்கள். ஒன்று, வீடு நனையாவிட்டாலும் வழி மூழ்கலாம். ஊருக்கு இறங்கும் ஒரே சாலை ஒரு தரைப்பாலத்தின் மேலோ சுரங்கப்பாதை வழியாகவோ போனால், வெள்ள நாளில் அது தீவுதான். ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே நிற்கிறவரின் காலை வாரிவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது, மேட்டிலிருந்து இறங்கும் ஓடைகள். பெரிய ஆறு பல நேரங்களில் நாள் கணக்கில் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வரும். சிற்றாறும் ஓடையும் மணிக்கணக்கில் ஊதிவிடும். 2021 ஜூலையில் ஜெர்மனியில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தது ரைன் ஆற்றங்கரையில் அல்ல. அதில் வந்து சேரும் ஆர் என்ற சிறிய ஆற்றின் பள்ளத்தாக்கில். பெயர்கூடப் பலகையில் இல்லாத ஓடையின் பக்கத்து மேட்டு மனையைவிடப் பேராற்றின் கரைமேட்டில் இருக்கும் பழைய வீட்டையே நான் எடுப்பேன்.

அக்கரையைப் பற்றிய முடிவு ஒரே கேள்வியில் அடங்கிவிடும்: பாலம் எத்தனை? ஒன்றுதான் என்றால், அக்கரையில் மலிவாகக் கிடைப்பதைத் தினம் இருவேளை பாலத்து நெரிசலில் திருப்பிக் கொடுப்போம். பிரசவ வலியும் மாரடைப்பும் நெரிசல் நேரம் பார்த்து வருவதில்லை. இரண்டாவது பாலம் வரப்போகிறது என்ற பேச்சுக்கு விலை கொடுக்க வேண்டாம், தூண் எழும்பிய பிறகு கொடுக்கலாம். நெய்மேகன் நகரம் அக்கரையில் பெரிதாக விரிந்தபோது 2013-ல் புதிய பாலமும் திறக்கப்பட்டது. அந்த மாதிரி இடம் வேறு. இருக்கிற பாலத்தின் நிலையும் பார்க்க வேண்டியதே. ஆற்றில் மணல் எடுத்து எடுத்துப் படுகை தாழ்ந்தால் தூண்களின் அடி வெளியே தெரியத் தொடங்கும். போர்ச்சுகலில் 2001 மார்ச்சில் இப்படி ஒரு பாலத்தின் தூண் சரிந்து 59 பேர் இறந்தார்கள். ஆண்டுக்கணக்கான மணல் அள்ளலும் அதற்கு ஒரு காரணம்.

நான்கு தேர்வுகளுக்கும் குறுக்கே ஓடும் கோடு ஒன்று உண்டு: ஊருக்கு மேலே இருக்கிறோமா, கீழே இருக்கிறோமா? ஆற்றின் போக்கில் ஊரின் கழிவுநீர் கலக்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் வீடும் பின்னால் இருக்கும் வீடும் ஒரே ஆற்றைப் பார்ப்பதில்லை. வளரும் ஊரில் வீடுகள் முதலில் வரும், சுத்திகரிப்பு நிலையம் பிறகு வரும். இடைப்பட்ட ஆண்டுகளை மூக்கைப் பிடித்துக்கொண்டு கடப்பது கீழ்ப்புறத்துக்காரர்களே. லண்டன் 1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த பிறகுதான் பெரிய வடிகால் வேலையைத் தொடங்கியது. பாரிஸில் 1923-ல் தடைபட்ட சேன் ஆற்றுக் குளியல் பொதுமக்களுக்கு மறுபடி திறக்கப்பட்டது 2025-ல். ஆறு சுத்தமாகும், ஆனால் நம் குடியிருப்புக் காலத்துக்குள் ஆகும் என்று கணக்குப் போட முடியாது. கொசுவுக்கும் இதே கோட்டைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம்: ஓடும் ஆற்றைவிடத் தேங்கிய வடிகாலும் நிரப்பாத பள்ளமும்தான் கொசுவுக்குத் தொட்டில். அதிலும் புதிய விரிவாக்கமே முந்தி நிற்கிறது.

எனவே என் வரிசை இது. முதலில் வாங்காதீர்கள், வாடகைக்குப் போங்கள். பழைய பகுதியில், முதல் மாடியில் அல்லது அதற்கு மேல். அந்த ஊரில் ஆறு உயரும் காலம் மழைக்காலமோ பனி உருகும் காலமோ, அது முழுவதும் வாடகை ஒப்பந்தத்துக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பெருமழை ஓய்ந்த மறுநாள் நான்கு பகுதிகளிலும் சுற்றி வந்தால், எந்தத் தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது, எதில் மூன்றாம் நாளும் நிற்கிறது என்று கண்ணால் தெரிந்துவிடும். அதன்பின் வாங்குவது என்றால், சமவெளிப் பேராறாக இருந்தால் பழைய கரைமேட்டிலோ, ஏற்கெனவே நிரம்பிய விரிவாக்கத்தின் உயர்ந்த பாதியிலோ. மலையடிவாரத்து முரட்டு ஆறாக இருந்தால் யோசிக்காமல் மேட்டில், ஓடையைவிட்டு விலகி, இறங்க இரண்டு வழி உள்ள இடத்தில். தாழ்ந்த விரிவாக்கத்தில்தான் கைக்கு எட்டுகிறது என்றால் தரைத்தளத்தைத் தூண்களோடு காலியாக விட்டுக் கட்டுங்கள். மின் இணைப்புப் பெட்டி மேலே இருக்கட்டும். நிலத்தடி அறையும் நிலத்தடி வாகன நிறுத்தமும் எந்த விலைக்கும் வேண்டாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்தப் பகுதி மதகை மூடும் பொறுப்பு யாருடையது, பம்பு நிலையத்தில் டீசல் எஞ்சின் உண்டா, அது கடைசியாக எப்போது ஓடியது என்று நேரில் போய்க் கேளுங்கள். பம்பு நிலையத்துக் காவலாளி விற்பனையாளரைவிட நன்றாகவே பதில் சொல்வார்.